சிம்பிளா ஒரு தக்காளி கிரேவி

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில்தான் அறிவிப்பு வரும். "நாளைக்கு நீ சமையல்கட்டுப் பக்கமே வர வேண்டாம். சப்பாத்திக்குச் சிம்பிளா ஒரு தக்காளி கிரேவி. நானே பண்ணிடறேன்." இதைக் கேட்ட மனைவி முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியாது. பேசாமல் எழுந்து போய், ஃப்ரிட்ஜில் தோசை மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

இவரை ஞாயிற்றுக்கிழமைச் சமையல்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது 45-க்கு மேல். வங்கியிலோ இன்சூரன்ஸிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ நாலு பேரை வேலை வாங்குகிற பதவி. ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரும் கிடைக்க மாட்டார்கள் என்பதால் வீட்டில் இருப்பவர்களை வைத்துச் சமாளிக்கிறார்.

தினமும் அடுப்பு மூட்டுகிற ஆண்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நம் ஊர்க் கல்யாணங்களில் ஆயிரம் இலைக்குச் சமைத்துப் போடுகிற மாஸ்டர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அவர்களில் ஒருவர்கூட அடுப்படியிலிருந்து "கடுகு எங்க இருக்கு?" என்று கத்தி நான் கேட்டதில்லை. நம்மவர் கத்துவார். அதுவும் எண்ணெய் காய்ந்து புகை வந்த பிறகு.

"அஞ்சறைப்பெட்டியில பாருங்க."

"அஞ்சறைப்பெட்டி எங்க?"

"உங்க முழங்கைக்குக் கீழ."

அவசரப்பட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அவருடைய சமையல் தொடங்குவது காய்கறி வண்டியில். வண்டியில் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று நாட்டுத் தக்காளி. தோல் மெல்லிசு, சாறும் புளிப்பும் அதிகம். இன்னொன்று பெங்களூர்த் தக்காளி. சதை கெட்டி, புளிப்புக் குறைச்சல், நாலு நாள் தாங்கும். விவரம் தெரிந்தவர்கள் பாதிக்குப் பாதி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நம்மவர் ஒவ்வொன்றாக எடுத்து, அழுத்தி, முகர்ந்து பார்த்துவிட்டு வண்டிக்காரரிடம் இத்தாலியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். நேப்பிள்ஸ் பக்கம் வெசூவியஸ் எரிமலை இருக்கிறது, அந்த மண்ணில் சான் மர்சானோ என்று ஒரு ரகம் விளைகிறது, சாஸுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை...

"சார், இது ஒட்டன்சத்திரம். கிலோ முப்பது. எடுக்கிறதுன்னா எடுங்க, அழுத்தாதீங்க."

அரைக் கிலோ போதும். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வருவார்.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது மட்டும் இவர் கலைக்கு ஓய்வு கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலுக்குப் பதிலாகச் சரித்திரம் நடந்தது. தக்காளி நம்முடையதே இல்லை, அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கப்பலேறி வந்தது. சில வீடுகளில் திதிச் சமையலில் இன்றைக்கும் அதைச் சேர்ப்பதில்லை. நம் பாட்டன் பூட்டன் எல்லாம் புளியை வைத்தே ஆயுசை முடித்துக்கொண்டவர்கள். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. விலை இறங்கிய வாரமே பாட்டனைக் கைவிட்டு இத்தாலிக்குத் திரும்பிவிட்டார், அவ்வளவுதான்.

இனி சமையல்கட்டு. வெங்காயம் நறுக்குவது, பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது எல்லாம் சமையலில் சேராது என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு 'ப்ரெப்' என்று பெயர். மகள் பூண்டு உரிப்பாள். மகன் கொத்தமல்லி ஆய்வான். அவருடைய அம்மா பட்டாணியை உரித்துக்கொண்டே பாதியைப் பேத்திக்குக் கொடுத்துவிடுவார். சமையல்கட்டுப் பக்கமே வரக் கூடாத மனைவி வெங்காயம் நறுக்குவார். நம்மவர் உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விடுவார். ஈரக் கை பட்டால் போன் கேட்காது. ஆகவே நிமிஷத்துக்கு ஒரு தரம் "டேய், வந்து இத நிறுத்து" என்பார். நிறுத்திவிட்டுப் பையன் ஹாலுக்குப் போய்ச் சேருவதற்குள் "டேய், ஓட விடு."

வீடியோவில் இருக்கும் சமையல்காரர் தக்காளியின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்குகிறார். தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. நிஜமாகவே வரும், குற்றம் சொல்ல முடியாது. வீட்டிலிருந்த ஐஸ் கட்டி முழுக்க அதில் காலி. பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, விதையையும் அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பையும் ஸ்பூனால் வழித்து ஒரு கிண்ணத்தில் தள்ளுவார். கிரேவி நைஸாக வர வேண்டுமாம். தக்காளியில் நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கிற குளுட்டமேட் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். அஜினமோட்டோவின் வண்டவாளமும் அதே குளுட்டமேட்தான். மனைவிக்கு இந்த ரசாயனம் தெரியாது. ஆனால் கிண்ணம் குப்பைக்கூடையை நோக்கிப் போகும்போது குறுக்கே வந்து, "குடுங்க, நான் கொட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வார். கொட்ட மாட்டார்.

அடுத்தது எண்ணெய். தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கிற லைகோபீன் கொழுப்பில் கரையும் சங்கதி. எண்ணெயோடு வேகவைத்துச் சாப்பிட்டால் உடம்பில் நன்றாக ஒட்டும். இது உண்மை. இந்த ஒரே உண்மையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மாதா மாதம் கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்குகிற ஒரு மனிதர் வாணலியில் ஊற்றுகிற எண்ணெயில் அந்த வீட்டின் ஒரு வாரத்து அப்பளத்தைப் பொரித்துவிடலாம்.

வெங்காயம் ஐந்து நிமிஷத்தில் பொன்னிறமாகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். இவர்களை யாராவது கேள்வி கேட்க வேண்டும். நிதானமான தீயில் அரைக் கிலோ வெங்காயம் பொன்னிறமாக வர இருபது நிமிஷத்துக்குக் குறையாது. அவர்கள் நடுவில் கத்தரித்துவிட்டுக் காட்டுகிறார்கள். நம்மவருக்குக் கத்தரிக்கிற வசதி இல்லாததால் தீயைக் கூட்டுகிறார். ஓரத்து வெங்காயம் கறுக்கிறது, நடுவில் கிடப்பது பச்சையாகவே இருக்கிறது. சராசரி எடுத்தால் பொன்னிறம்.

அதன்மேல் அரைத்த தக்காளி. அது தளதளவென்று கொதிக்கும்போது, பச்சையாக நறுக்கிய உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் போட்டு, "பதினஞ்சே நிமிஷம்" என்று அறிவிப்பார்.

பதினைந்து நிமிஷம் ஆகும். கிழங்கு கல்லு. அரை மணி ஆகும். அப்போதும் கல்லு.

"இந்தக் கிழங்கே சரியில்ல. எங்க வாங்கின?"

"கிழங்கு நல்லாத்தாண்டா இருக்கு" என்பார் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

புளிப்பில் காய் வேகாது. சாம்பாரில் காயை வேகவிட்டுப் பிறகு புளி கரைத்து ஊற்றுவது அதனால்தான். காயின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின். அது இளகினால்தான் கிழங்கு குழையும். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் லேசில் இளகாது. அடுப்படியில் நிற்கிறவர்களில் பலருக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரியும். நம்மவருக்கு லைகோபீன் தெரியும்.

"குக்கர்ல வச்சு எடுத்துடட்டுமாங்க? மணி ஒன்றரை ஆகுது."

"குக்கரா? ஸ்லோ குக்கிங்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

நல்ல வேளையாக அவருக்கு ஒரு போன் வரும். பால்கனிக்குப் போய்ப் பேசுவார். அந்த இடைவெளியில் மனைவி கிழங்கையும் கேரட்டையும் கரண்டியால் பொறுக்கி எடுத்து, வெறும் தண்ணீரில் சின்னக் குக்கரில் வைத்து, வெந்ததும் திரும்பக் கொண்டுவந்து கிரேவியில் சேர்த்துவிடுவார்.

"விசில் சத்தம் கேட்டுதே?"

"பக்கத்து வீட்டுல."

அவர் ஒரு துண்டு எடுத்து அழுத்திப் பார்ப்பார். மசியும். "பாத்தியா? சமையலுக்குப் பொறுமை வேணும்."

ருசி சரிசெய்யும் படலத்தை நீட்டி முழக்க வேண்டாம். வீடியோவில் இருந்த சிவப்பு வரவில்லை. காஷ்மீர் மிளகாய்த்தூள் அரை ஸ்பூன் போட்டிருந்தால் வந்திருக்கும். அவர் கெட்சப் பாட்டிலைக் கவிழ்ப்பார். இனித்துவிடும். இனிப்புக்கு உப்பு, உப்புக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மிளகாய்த்தூள், மிளகாய்த்தூளுக்குச் சர்க்கரை. வட்டிக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிற மாதிரி வாணலியில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டரை மணிக்குச் சாப்பாடு. அதற்கு முன் போட்டோ. கொத்தமல்லித் தழை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் ஐந்து நிமிஷம். குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போகும். திருச்சியிலிருந்து தங்கை, "அண்ணா சூப்பர்! அண்ணி குடுத்து வச்சவங்க" என்று எழுதுவாள். குடுத்து வச்சவர் அப்போது சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பார். சப்பாத்தி 'சிம்பிளா ஒரு கிரேவி'யில் அடக்கமில்லை அல்லவா?

தட்டில் பரிமாறிவிட்டு அவர் சாப்பிட மாட்டார். நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"நல்லா இருக்குன்னா? போன வாரத்தவிடவா?"

இந்த விசாரணைக்குப் பயந்தே மகன் பேச்சை மாற்றி, "அம்மா, சோறு இருக்கா?" என்பான். சோறும் இருக்கும், ரசமும் இருக்கும். கிண்ணத்தில் ஒதுக்கிய அந்தக் கொழகொழப்பில், ஒரு நெல்லிக்காயளவு புளியும் மிளகு சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கூடியதும் இறக்கிய ரசம். எல்லாரும் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் நகர்வார்கள். நம்மவரே இரண்டாவது டம்ளர் கேட்பார்.

"ரசம் பிரமாதம். என்ன போட்ட?"

"ஒண்ணும் இல்ல. மிச்சம் மீதி."

கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பியதோடு சமையல் முடிந்தது என்பதும் அவருடைய சித்தாந்தங்களில் ஒன்று. தக்காளியைக் கொதிக்க வைத்த பாத்திரம், ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம், மிக்ஸி ஜார், வடிகட்டி, ஒன்றில் அடிப்பிடித்ததால் இரண்டாவதாக ஏற்றிய வாணலி, ருசி பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஸ்பூன், எல்லாம் தொட்டியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கார அம்மாவுக்கு லீவு. கெட்டியான தக்காளி கொதிக்கும்போது தெறிக்கும் என்பதால் மூடி போடுவார்கள். வீடியோவில் மூடி இல்லை, ஆகவே சுவரெல்லாம் சிவப்பு. மேடையில் மஞ்சள்தூள் கறை. வெயில் பட்டால் மஞ்சள் கறை போய்விடும்தான். மேடையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகத்தான் வழியில்லை. இத்தனைக்கும் நடுவில் ஹாலிலிருந்து குறட்டை கேட்கும். அசதி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்த கிரேவி நிஜமாகவே நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்க ஊறி, புளிப்பும் காரமும் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கும். அதை மனைவி மசித்து, வெண்ணெய் ஒரு துளி போட்டு, எலுமிச்சை பிழிந்து பாவ் பாஜி ஆக்கியிருப்பார் என்பது இன்னொரு காரணம். ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து, "நேத்து நான் பண்ணது" என்பார். பக்கத்து சீட்டுக்காரர் செய்முறை கேட்பார். "ரொம்ப சிம்பிள் சார். அரை மணி நேர வேலை."

அடுத்த சனிக்கிழமை இரவு புதிதாக ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் சொல்வார்: "உனக்கு ஒண்ணு தெரியுமா? புளிப்புல காய் வேகாதாம். பெக்டின்னு ஒண்ணு இருக்கு."

"அப்படியாங்க?"

இப்படி ஒருவர் வாய்த்த வீட்டாருக்கு ஒரு யோசனை. சனிக்கிழமை ராத்திரியே உருளைக்கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, தோலுரித்து, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது என்று கேட்டால், கடையில் இப்போதெல்லாம் இப்படித்தான் விற்கிறார்கள் என்று சொல்லுங்கள். நம்புவார்.