அட்டைப்பெட்டி விலங்கின் தோற்றமும் ஒடுக்கமும்: ஒரு முன்னாய்வு

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக் காட்டிய தொல்காப்பிய மரபியல், மாறுவேடப் போட்டிக்கு முந்தைய இரவில் நம் வீட்டுக் கூடங்களில் பிறக்கும் ஓர் உயிரைப் பற்றி ஏனோ பேசவில்லை. அதன் தோல் அட்டை, அட்டை மரக்கூழ், ஆகவே ஓரறிவு. உள்ளே நிற்பது எல்.கே.ஜி. படிக்கும் ஆறறிவு. கூட்டினால் ஏழு வருகிறது. உரையாசிரியர்கள் கைவிட்ட இந்த இடத்தில்தான் நம் ஆய்வு தொடங்குகிறது.

இவ்விலங்கு எந்த இனம் என்று முடிவு செய்வது யார்? இதில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு. குழந்தை ஆசைப்படுவதைப் பெற்றோர் செய்து தருகிறார்கள் என்பது ஒரு கட்சி. இக்கட்சியினர் யாரும் கத்தரிக்கோலைத் தொட்டவர்களாகத் தெரியவில்லை. பெட்டி எதுவோ அதற்கேற்ற விலங்கு என்பது நம் கட்சி. குழந்தை மயில் கேட்கும். வீட்டில் இருப்பது மிக்சி வந்த பெட்டி. இரவு எட்டரைக்குத் தொடங்கும் பேச்சுவார்த்தை ஒன்பதரைக்கு ஆந்தையில் முடியும். எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கியிருந்தால் யானை. பிரிட்ஜ் வாங்கியிருந்தால் ஒட்டகச்சிவிங்கி. ஆப்பிள் பெட்டியில் கைவிடத் துளை ஏற்கெனவே இருப்பதால் அது ஆமையாவதை யாராலும் தடுக்க முடியாது. மளிகைக்கடை பிஸ்கட் பெட்டி எதுவாகவும் ஆகக்கூடியது. அதனாலேயே கடைசியில் பூனையாகிறது.

சரக்கு வந்த அட்டையைப் பிள்ளைக்கு மாட்டுவதா என்று பாட்டிகள் முகம் சுளிப்பதுண்டு. வரலாறு பாட்டிகளுக்கு எதிராக இருக்கிறது. நெளிவிட்ட காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் காப்புரிமை வாங்கியதே உயரத் தொப்பிகளுக்கு உள்ளே வைப்பதற்காகத்தான். 1871இல்தான் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் பாட்டில்களுக்குச் சுற்றலாம் என்றார். மனிதன் தலையில் ஏறப் பிறந்த பொருள் இடையில் கொஞ்ச காலம் மூட்டை சுமந்தது. நாம் அதை உரிய இடத்தில் திரும்ப ஏற்றுகிறோம், அவ்வளவே.

இனி உடற்கூறு. இரு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஓடும் நெளிவுதான் இவ்விலங்கின் எலும்பு. நெளிவு ஓடும் திசையிலேயே மடித்தால் அட்டை சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் கன்னாபின்னாவென்று கசங்கும். ஆகவே தும்பிக்கையைச் சுருட்டும்போது கோடுகள் அதன் நீளவாக்கில் இருக்க வேண்டும். மடிப்பு விழும் இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடிப்பவர் இத்துறையில் தேர்ந்தவர். கட்டரால் காதை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு "லேசாத்தான் கீறினேன்" என்பவர் அப்பா. ஒட்டுவதிலும் சிக்கல்தான். பெவிகால் உறுதி, ஆனால் காய்வதற்குள் விடிந்துவிடும். பிரவுன் டேப் உடனே பிடிக்கும். ஆனால் போஸ்டர் கலர் அதன்மேல் நிற்காமல், காய்ந்ததும் உதிர்ந்து, சொறி பிடித்த யானை ஒன்றைத் தரும். செய்தித்தாளைக் கிழித்து டேப்பின்மேல் ஒட்டி, அதற்குமேல் வண்ணம் பூசுவது பதினொன்றரை மணிக்கு அம்மா கண்டுபிடித்துக் கொடுக்கும் தீர்வு.

மாட்டும் முறைக்குத் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை நமக்கு முன்னோடி: இடுப்பைச் சுற்றிக் குதிரைக் கூடு, அதற்குமேல் ஆடுகிற மனிதர். பெட்டியின் நாடாக்களை முதுகில் குறுக்காகப் போட்டுக் கட்ட வேண்டும். நேராகக் கட்டினால் மேடைப் படியிலேயே யானை முழங்காலுக்கு இறங்கிவிடும். உட்காருவது, பள்ளி வேனில் ஏறுவது, ஒன்றுக்குப் போவது ஆகிய மூன்றுக்கும் இவ்வுடலில் வழியில்லை. முதல் இரண்டை எப்படியோ சமாளிக்கலாம்.

தூரிகை எட்டாத வயிற்றுப்பகுதியில் குடை ஒன்றும், கோப்பை ஒன்றும், மேல்நோக்கிய அம்புகள் இரண்டும் பல மாதிரிகளில் காணக் கிடைக்கின்றன. வில்லைக் காணோம் என்பதால் சேரர் காலம் என்று துணிய முடியவில்லை. குடை இருப்பதால் பட்டத்து யானை என்று கொள்ளலாம். அம்புகள் கீழ்நோக்கி இருந்தால் மட்டும், பெட்டியை வெட்டியவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார் என்பது துணிபு.

மேடையில் இதன் ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை. கண்ணுக்கு வெட்டிய துளை நெற்றிக்கு நேரே ஏறி நிற்க, மைக்கைத் தடவிப் பிடித்து "நான் ஒரு யானை" என்று சொல்லிவிட்டு அது அம்மா இருக்கும் திசைக்குத் திரும்பும். அம்மா முன்வரிசையிலிருந்து மீதி வசனத்தைச் சத்தமில்லாமல் வாயசைப்பார். நடுவர்கள் தும்பிக்கையைப் பாராட்டுவார்கள். பரிசு பாரதியாருக்குப் போகும். வெள்ளைத் துண்டில் முண்டாசு, கண்மையில் மீசை, யாரிடமோ வாங்கிய கறுப்புக் கோட்டு என்று பத்து நிமிடத்தில் தயாராகும் அந்த வேடத்தை அட்டை யானை எதுவும் வென்றதாகச் சான்று கிடைக்கவில்லை.

ஒடுக்கம் பரணில் நிகழ்கிறது. நவராத்திரிக்குக் கொலுவில் மலையாகும் வாய்ப்பு சிலவற்றுக்கு உண்டு. மற்றவை பழைய பேப்பர்காரரிடம் போகும். அவர் தராசில் வைக்குமுன் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாய்க்கு டேப் ஜாஸ்தி சார், அரைக் கிலோ கழிச்சுக்கிறேன்" என்பார்.