ஒளிந்து வாழும் அலைவாங்கி

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனரைக் குலதெய்வம்போல் பேணும் கண்டிக் கனவான்கள் சிலர், அதன் சௌந்தரியத்துக்கு ஒரு கம்பியினால் பங்கம் நேரலாகாதென்று, வானொலி அலைவாங்கியைப் பின்பம்பருக்கு அடியில் ஒளித்து வைப்பதை ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வருகிறார்கள். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதில் காற்பங்கு, அதாவது 75 சென்ரிமீற்றர்க் கம்பியொன்று திறந்த வெளியில் நிமிர்ந்து நின்றாற் போதும் என்கிறது பௌதிக சாஸ்திரம். உருக்குத் தகட்டின் கீழ், சேற்றுக்கு அயலில் சயனித்திருக்கும் கம்பிக்கு அந்தச் சாஸ்திரம் தயை காட்டுவதில்லை. ஆகவே பெருக்கியொன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். அதுவோ பாட்டையும் ஸ்பார்க் பிளக்கின் படபடப்பையும் பட்சபாதமின்றிப் பெருக்கித் தருகிறது. ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் ஹந்தானை மலையின் அடிவாரத்தில், பேராதனை வீதியில், கானம் ஒருவாறு கேட்கும். கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளில் மலை குறுக்கிட்டதும் தாளிக்கும் ஓசையே எஞ்சும். இத்தனையும் அசல் தோற்றத்துக்காகவாம்! (பானட்டுக்குள் இருப்பது ஜப்பானிய எஞ்சின் என்பது வேறு விஷயம்.) காரில் வானொலி இருப்பதே பெருமையாயிருந்த அக்காலத்தில், அலைவாங்கியை ஊரார் காணும்படி வெளியே நாட்டியே ஓட்டினார்கள். அசல்தான் வேண்டுமென்றால், ஐயா, கம்பியை வெளியே நாட்டுங்கள்.