அநீதி இருக்கிறது என்று சொன்னால் அது வசவு

2022 இறுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் ஒரு வழக்கு விசாரணை. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் தன்னைப் பதவியிலிருந்து இறக்கியது செல்லாது என்று ஓர் அரசு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு அது. சாட்சி சொல்ல வந்தவர் ஆளுநரின் சட்ட ஆலோசகர் ரயன் நியூமன். எப்போது பார்த்தாலும் ‘வோக்’, ‘வோக்’ என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். அமெரிக்கச் சமூகத்தின் அமைப்பிலேயே அநீதிகள் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்கிற நம்பிக்கைதான் அது என்றார் நியூமன். ஆளுநருக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். வக்கீல் வாயிலிருந்து இவ்வளவு சுத்தமான உண்மை வருவது அபூர்வம்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், வோக் செத்துப்போக வருகிற இடம் புளோரிடா என்று தேர்தல் வெற்றி மேடையில் முழங்கியிருந்தார் டிசாண்டிஸ். சட்ட ஆலோசகர் சொன்ன பொருளை அதில் பொருத்திப் பாருங்கள். அநீதியைச் சரிசெய்யும் எண்ணத்துக்கு எங்கள் மாநிலத்தில் பாடை தயார் என்று ஒருவர் மார்தட்டுகிறார், கூட்டம் கை தட்டுகிறது!

இந்தச் சொல்லைப் பெற்றெடுத்தவர்கள் கறுப்பின மக்கள். 1931இல் அலபாமாவில் சரக்கு ரயிலேறிப் போன 9 கறுப்பினப் பையன்கள்மீது, இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்துவிட்டதாகப் பொய்ப் பழி விழுந்தது. வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி, சில வாரங்களில் 8 பேருக்கு மரண தண்டனை. ஸ்காட்ஸ்பரோ பையன்கள் என்று உலகம் அறிந்த அவர்களைப் பற்றிப் பாடகர் லெட் பெல்லி ஒரு பாட்டுக் கட்டினார். 1938 பதிவில், பாடிவிட்டுப் பேசும்போது, அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜாக்கிரதை, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள் என்கிறார். ‘ஸ்டே வோக்’ என்பது அவர் வாய்மொழி. கழுத்தில் கயிறு விழாமல் வீடு திரும்ப ஒரு சமூகம் தனக்குள் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை அது. அந்த 9 பேரில் கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல். வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்பதே ஒரு தனி அயோக்கியத்தனம், அதை விடுங்கள்.

2014இல் பெர்குசன் நகரில் 18 வயதுக் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரௌனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றபோது அந்த எச்சரிக்கை மறுபடி தெருவுக்கு வந்தது. முதலில் மோப்பம் பிடித்தவர்கள் வியாபாரிகள். 2017இல் பெப்சி விளம்பரத்தில் ஒரு மாடல் அழகி ஊர்வலத்துக்குள் புகுந்து போலீஸ்காரர் கையில் ஒரு கேன் பானத்தைக் கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது! காறித் துப்பினார்கள், கம்பெனி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. வியாபாரி உறிஞ்சிப் போட்ட சக்கையைத்தான் அரசியல்வாதி எடுத்து எறிகல்லாக்கினான்.

பிறகு அது யார்மீது விழவில்லை? 2022இல் எம் அண்ட் எம் மிட்டாய் விளம்பரத்தின் பச்சைப் பொம்மை குதிகால் பூட்ஸைக் கழற்றிவிட்டு கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் அதன் கவர்ச்சி போய்விட்டதே என்று அங்கலாய்த்தார். மிட்டாய்க்குக் கவர்ச்சி! 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி திவாலானது. நீண்டகாலக் கடன் பத்திரங்களில் பணத்தை முடக்கியிருந்தார்கள். வட்டி விகிதம் ஏறியது, பத்திரங்களின் மதிப்பு இறங்கியது, பயந்த வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்துவிட்டார்கள். கணக்கு இவ்வளவுதான். வங்கி ‘வோக்’ ஆனதால் மூழ்கியது என்றார்கள் குடியரசுக் கட்சிப் பெரியவர்கள். 2025இல் டிரம்ப் ஆட்சியின் பாதுகாப்புத் துறை ‘வோக்’ சங்கதிகளையெல்லாம் துடைத்தெறியக் கிளம்பியபோது, நீக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானமும் ஏறியது. அதன் பெயர் எனோலா கே. ஆங்கிலத்தில் தன்பால் ஈர்ப்பாளரைக் குறிக்கும் ‘கே’ என்ற சொல் உறுத்திவிட்டது போலிருக்கிறது. லட்சம் உயிர் உறுத்தவில்லை.

சிரித்துவிட்டு நகர முடியாத இடமும் இருக்கிறது. 2022இல் புளோரிடா இந்தச் சொல்லின் பெயரிலேயே ஒரு தடைச் சட்டம் போட்டது. மறு ஆண்டு அதே மாநிலத்தின் பாடத்திட்டத்தில், அடிமைகள் கற்றுக்கொண்ட தொழில் திறன்கள் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்பாடானது. சவுக்கடி இலவசத் தொழிற்பயிற்சியாம். இதை எழுதிய கைக்குச் சம்பளம் கொடுத்தது யார் வரிப்பணம்? அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கட்டியதும் அதில் உண்டு.

நம்மூர் முகநூலிலும் இந்த வசவு வந்து இறங்கிவிட்டது. ‘போராளி’ என்பதைக் கேலிச் சொல்லாக்கி முடித்தவர்களுக்குப் புதுச் சரக்கு தேவைப்பட்டது, கப்பலில் வந்திருக்கிறது. உங்களை யாராவது அப்படிச் சொன்னால் விளக்கம் கொடுத்து மூச்சை வீணாக்காதீர்கள். எந்த அநீதியைச் சரிசெய்தால் உனக்கு நட்டம் என்று திருப்பிக் கேளுங்கள். சாதியா, கூலியா, வீட்டுப் பெண்களின் உழைப்பா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.