ஹாலுக்கு வரும் கறுப்புப் பெட்டி

கேள்வி: 'ஸ்டீம்' என்ற ஆன்லைன் கேம் கடை நடத்தும் வால்வ் கம்பெனி, டி.வி. பக்கத்தில் வைக்கிற கேம் பெட்டியோடு வருகிறதாமே? இந்த முறையாவது எடுபடுமா?
– ஒரு வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்-16

பதில்: 2015-இல் ஒருமுறை வந்து பார்த்தார்கள். பெட்டி செய்யும் வேலையை ஏலியன்வேர் மாதிரி ஆட்களிடம் விட்டார்கள். ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு வேகம். உள்ளே லினக்ஸ், அதில் ஓடிய கேம்களோ கொஞ்சம். 2018-இல் கடையின் முகப்பிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டுதான் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டிக்காட்டும் 'புரோட்டான்' வந்தது. அந்தத் தைரியத்தில் 2025 நவம்பரில் சொந்தப் பெட்டியையே அறிவித்தார்கள். ஏறக்குறைய ஆறங்குலம், சாம்பார் தூக்கு வைக்கிற இடம் போதும். எடுபடும் என்றுதான் நினைக்கிறேன், அமெரிக்காவில்.

நமக்கா? 2022-இல் வந்த இவர்களின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கையே இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. கேமுக்கு மட்டும் கச்சிதமாக ரூபாயில் விலை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள்! சரி, சாரதா கல்லூரி சாலைக் கடைக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். ஆறரை மணிக்கு மேல் ஹால் ரிமோட் அம்மா கையில். கடைசி சீரியல் 'தொடரும்' போட்ட பிறகு தாராளமாக விளையாடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், அப்பா எழுந்தால் பெட்டியின் விலையைக் கேட்பார்.