பெட்ரோல் போட மட்டும் போகலாம்

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவரை வீட்டில் தேடிப் பயனில்லை. சிவாஜிநகரில் குஜ்ரி எனும் பழைய சாமான் கடைச் சந்துக்குள், விரலெல்லாம் கிரீஸோடு, பழைய இரும்புக் குவியல் முன்னால் குந்தியிருப்பார்.

"பாய், ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு கார்புரேட்டர் இருக்கா?"

"ஹெரால்டோடதான்னு தெரியாது சார். போட்டா ஓடும்."

இந்த உத்தரவாதத்தை எந்த ஷோரூமும் தராது.

ஹெரால்டு 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய கார். அதன் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வண்டியின் எதிர்காலம் வடிவமைத்தவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது!

அரசுக்கும் தெரிந்திருக்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காரை 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் கிடைக்கும். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி தவிர பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும் சாலைக்கு வரலாம். உரிமையாளர்கள் யாரும் இதை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லையே என்று வியக்க வேண்டாம். அந்த இரண்டுக்கும் மேல் வண்டி என்றைக்குப் போயிருக்கிறது?

ஆகவே, ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆபீசுக்குப் போக சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு இருக்கவே இருக்கிறது.