கருங்கல்லும் புழுங்கலரிசியும்

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் கட்டி முடிந்தது. ஆயிரம் வருஷமாக அவ்வளவு பாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, அடிக்கல் கொஞ்சமாவது நசுங்கியிருக்காதா? (திருவையாறு)

பதில்: நசுங்கவில்லை, சுருங்கியிருக்கிறது! பாரம் ஏறினால் கருங்கல்லும் சுருங்கியே தீரும். விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள். அதாவது 66 மீட்டர். அந்த உயரத்துக்கு ஒரே சீரான கருங்கல் தூணை நிறுத்தினால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 18 கிலோ பாரம் விழும். கருங்கல் நொறுங்க 1,000 கிலோவாவது வேண்டும். தூண் முழுவதும் சேர்ந்து சுருங்குவது 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான். விமானமோ மேலே போகப்போகக் குறுகுகிறது, உள்ளேயும் கூடாக இருக்கிறது. எடை இன்னும் குறைவு. கல்வெட்டில் பெயர் பொறித்த குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

கேள்வி: அப்படியானால் மண்டபத்தில் எதற்கு இத்தனை தூண்? கண்ணாமூச்சி விளையாடவா? (கும்பகோணம்)

பதில்: பிள்ளைகளுக்கு அந்த வசதியும் உண்டு. ஆனால் கல் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரண்டு தூண்மேல் கிடக்கும் உத்தரம் தன் எடையாலேயே துளி வளையும். மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். விரிசல் அங்கேதான் விழும். அதனால் தூண்களை நெருக்கி நட்டார்கள். இன்று கான்கிரீட் உத்தரத்தில் முக்கியமான கம்பிகளை அந்த அடிப்பக்கத்தில் போடுகிறோம்.

கேள்வி: கல்லே நொறுங்காதபோது எங்கள் பச்சரிசி மட்டும் மில்லில் குருணையாவது ஏன்? (மன்னார்குடி)

பதில்: மில்லுக்குப் போகும் முன்பே, களத்திலேயே வினை தொடங்கிவிடுகிறது. வெயிலில் காய்ந்த நெல் இரவுப் பனியையோ தூறலையோ குடிக்கும். அரிசியின் மேல்பகுதி ஊறி உப்பப் பார்க்கும். காய்ந்த உட்பகுதி ஈடுகொடுக்க முடியாமல் இழுபட்டு, குறுக்கே கீறல் விடும். உமிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மில் உருளை பட்டதும் இரண்டாகும். அவித்தால் மாவுச்சத்து பசையாக இளகிக் கீறலை அடைத்துவிடும், புழுங்கலரிசி முழுசாக வரும். குறுவை அறுப்பு மழையில் மாட்டும் வருஷங்களில், கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் நெல்லைப் பார்த்தால் மனசு பதறுகிறது. உழைத்தவன் நெல்லுக்கு ஒரு கூரை போடுங்கள், கீறலில் பாதி வராது!

கேள்வி: வீணைக் கம்பியை ஓரமாக இழுத்து இழுத்துக் கமகம் வாசிக்கிறார்களே, கம்பி நீண்டுவிடாதா? (தஞ்சாவூர்)

பதில்: வாசிக்கும்போது நீளும், விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். இழுக்கிற அளவுக்கே நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678-இல் எழுதினார். எல்லை தாண்டி இழுத்தால் கம்பி திரும்பாது, சுருதி இறங்கிவிடும். தஞ்சாவூர்த் தட்டு செய்பவர்களோ அந்த எல்லையைத் தாண்டத்தான் சுத்தியலையே எடுக்கிறார்கள். வெள்ளித் தகடு பழையபடி நிமிர்ந்துகொண்டால் சாமி உருவம் எப்படி நிற்கும்?