ஜவ்வு தேஞ்ச மாப்ளே, கொஞ்சம் நில்லு

உனக்கு முட்டித் தேய்மானம்னு டாக்டர் சொன்னாலும் சொன்னாரு, நம்ம தெருவுக்கே மனசு குளுந்துபோச்சு மாப்ளே. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்லாத ஆள் பாக்கியில்லை. டீக்கடை பெஞ்சை வருஷக்கணக்காத் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறவன்கூட, "ஓடி ஓடி ஜவ்வைத் தேய்ச்சுட்டான்"ங்கான். பெஞ்சு தேஞ்சது அவன் கண்ணுல படலை.

அந்தப் பேச்சைக் கேட்டு நீ ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டதா உங்கம்மா சொன்னா. ரெண்டே நாள்ல அதை இறக்கி மாட்டிக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி சஞ்சீவி மலைப் பக்கமா நொண்டிக்கிட்டே ஓடினதா பால்காரன் சொன்னான். ரெண்டுமே கூத்துதான். ரெண்டாவது கூத்துல கொஞ்சம் வீரம் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல, உனக்கு வந்திருக்கிறது எந்த மூட்டுவலின்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேட்டியா? நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேருதான். வயசு ஏறி, எடை ஏறி, எப்பவோ பட்ட அடியும் சேர்ந்து மூட்டு தேயறது ஒண்ணு. காலைல எந்திரிச்சதும் விறைச்சுக்கிட்டு நிக்கும், அரைமணி நேரத்துக்குள்ள இளகிரும். இன்னொண்ணு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி பேதலிச்சு மூட்டு மேல பாயறது. ரெண்டு கையிலயும் விரல் மூட்டு வீங்கும், விடிஞ்சு ஒரு மணி நேரமானாலும் காப்பி டம்ளரைப் பிடிக்க வராது. அது வந்திருந்தா ஓட்டத்தைப் பத்தி என்கிட்டப் பேசாதே, மதுரைக்கு பஸ் ஏறி வாதநோய் டாக்டரைப் பாரு. மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறியோ அவ்வளவுக்கு மூட்டு உருக்குலையாமத் தப்பிக்கும். நோய் அடங்கினதும் அவங்கள்லயும் ஓடுறவங்க உண்டு. மூணாவது யூரிக் அமிலம் கூடிப்போய் ராத்திரியோட ராத்திரியா கால் கட்டைவிரல் எரியறது. அதோட எவனும் ஓட மாட்டான், அதனால அவனுக்குப் புத்தி சொல்ற சிரமம் எனக்கு இல்லை.

உனக்கு முதல் ரகம், அதுவும் நடுவாந்திரம்தான்னு எக்ஸ்ரே பாத்த டாக்டர் எழுதியிருக்காரு. அப்புறம் எதுக்கு இழவு வீட்டுக்காரன் கணக்கா உக்காந்திருக்கே?

என் பேத்தி பிசியோதெரபி படிச்சுட்டு வந்ததுல இருந்து வீட்டுல சாம்பார்ல உப்பு இருக்கோ இல்லையோ, ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. அவ சொன்னதைச் சொல்றேன், கேளு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 1984ல இருந்து நெடுந்தூரம் ஓடுற ஆளுக 45 பேரையும் ஓடாத ஆளுக 53 பேரையும் பிடிச்சு, பதினெட்டு வருஷம் விட்டு விட்டு முட்டியை எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. எல்லாம் உன் வயசும் அதுக்கு மேலேயும். கடைசில பாத்தா, ஓடினவன் முட்டி ஓடாதவன் முட்டியைவிட ஒண்ணும் கூடுதலாத் தேயலை. டீக்கடைப் பெஞ்சுக்காரன்கிட்ட இதைச் சொன்னேன். "அது அமெரிக்கா முட்டி"ன்னுட்டான்.

2017ல இன்னொரு கணக்கு. பல ஆராய்ச்சிகளைக் கூட்டி, லட்சம் பேருக்கு மேல சேர்த்துப் பாத்திருக்காங்க. இடுப்புலயோ முட்டியிலயோ தேய்மானம் வந்தது, சும்மா ஆசைக்கு ஓடுறவங்கள்ல நூத்துக்கு 3.5 பேர். உக்காந்தே இருக்கிறவங்கள்ல 10.2. பந்தயத்துக்குன்னு வெறிபிடிச்சு ஓடுறவங்கள்ல 13.3. நீ உடனே அந்த 3.5ஐ எடுத்து மடியில கட்டிக்கிடாதே. முட்டி வலிக்கிறவன் பாதியிலயே ஓட்டத்தை விட்டுட்டுப் போயிருப்பான், அதனால மிச்சம் இருக்கிறவங்க கணக்கு கொஞ்சம் அழகாத்தான் தெரியும். நீ பாக்க வேண்டியது அந்த மூணாவது ஆளை. அதுல உன் மூஞ்சி தெரியுது.

ஏற்கெனவே தேஞ்ச முட்டி என்னாகும்னுதானே கேக்கே? அதையும் பாத்திருக்காங்க. 2018ல வெளிவந்தது. அம்பது வயசு தாண்டி, முட்டித் தேய்மானமும் இருந்து, தன்னிஷ்டத்துக்கு ஓடிக்கிட்டு இருந்தவங்களை நாலு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, ஓடாத தேய்மானக்காரங்களைவிட அவங்க மூட்டு மோசமாகலை. வலிகூடப் பல பேருக்குக் குறைஞ்சிருக்கு. தன்னிஷ்டத்துக்குங்கிறதை மட்டும் ரெண்டு தடவை படி. வாட்ச் இஷ்டத்துக்கு இல்லை.

ஜவ்வுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது மாப்ளே. மூட்டுக்குள்ள ஊறுற வழவழ நீர்தான் அதுக்குச் சோறு. காலை ஊனி அமுக்கி, எடுத்து விட்டு, மறுபடி அமுக்கினாத்தான் அந்த நீர் உள்ளே போய் வெளியே வரும். கட்டில்ல படுத்துக் கிடந்தா ஜவ்வு பட்டினி. இதைத் தெரிஞ்சவன் முட்டி வலிக்குதுன்னு மூணு மாசம் அசையாமக் கிடக்க மாட்டான்.

இப்ப உன் விஷயத்துக்கு வாரேன். உன் முட்டியைக் கெடுத்தது ஓட்டம் இல்லை, கையில கட்டியிருக்கியே, அந்த வாட்ச். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் மில்லுல ஷிப்டு பாக்கிறது, உடம்பு வளையறது கிடையாது. ஞாயித்துக்கிழமை வந்தா ராஜபாளையத்துல கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வாரது. போக வர அரை மாரத்தானுக்கு மேலேயே ஆகும். அதுவும் எப்படி? லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல, போன வாரத்தைவிட ரெண்டு நிமிஷம் குறைக்கணும்னு. குறைச்சு? யாருகிட்டக் காட்ட? நம்ம ஊர் வேட்டை நாய்க்கு 2005ல சர்க்கார் தபால் தலை போட்டுச்சு. உன் வேகத்துக்கு ஒரு போஸ்ட் கார்டுகூட வராது.

பஞ்சாப்ல பொறந்து இங்கிலாந்துல இருந்த ஃபௌஜா சிங்குன்னு ஒரு பெரியவர். எம்பத்தொம்பது வயசுல முதல் மாரத்தான் ஓடினவரு. 2011ல டொரண்டோவுல, நூறு வயசுன்னு சொல்லிக்கிட்டு 42 கிலோமீட்டரையும் முடிச்சாரு. எட்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முடிச்ச கையோட யாராவது அவருகிட்ட, "ஏன் தாத்தா, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்"னு கேட்டானா? கேட்டிருந்தா தலைப்பாகையைக் கழட்டி அடிச்சிருப்பாரு.

அவ்வளவு தூரம் போவானேன். நம்ம மா. சுப்பிரமணியன் இல்லையா, சென்னைக்கு மேயரா இருந்து, 2021ல சுகாதாரத் துறை மந்திரி ஆனாரே. 2004ல கார் விபத்துல முட்டி போச்சு. இனிமே சம்மணம் போட்டு உக்கார்றதுகூடக் கஷ்டம்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. மனுஷன் மெல்ல மெல்லக் காலைத் தேத்தி, அம்பதைத் தாண்டின பிறகு ஓட ஆரம்பிச்சு, அரை மாரத்தான் மட்டும் நூத்துக்கு மேல ஓடி முடிச்சுட்டாரு. அவருக்கு விபத்து, உனக்குத் தேய்மானம், ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. அடிபட்ட முட்டியில தேய்மானம் சீக்கிரம் வரும்னுதான் பேத்தியும் சொல்றா. ஆனா, "முட்டி போச்சு, முடிஞ்சுபோச்சு"ன்னு ஒப்பாரி வைக்கிறவனுக்கு முன்னாடி அவரு பேரைச் சொன்னா ரெண்டு நிமிஷமாவது சத்தம் நிக்கும். அவரு காலத்துலதான் 2023 நவம்பர்ல மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைன்னு ஒண்ணு தொடங்கினாங்க. நடைன்னா உனக்குக் கௌரவக் குறைச்சல், தெரியும்.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுறதைப் பாத்திருக்கேல்ல? வடம் பிடிக்கிற கூட்டத்தைத்தான் எல்லாரும் பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. சக்கரத்துக்கு அடியில தடி போடுறவனை எவனும் பாக்கிறதில்லை. அம்மாம் பெரிய தேர் எங்கே நிக்கணும், எந்தத் திருப்பத்துல எவ்வளவு திரும்பணும்னு பாத்துக்கிடுறது அவன். உன் முட்டிக்குத் தடி போடுறவன் தொடைச் சதை. அது உனக்கு அகத்திக் குச்சியா இருக்கு. வேகத்துக்கு மட்டும் வடம் பிடிச்சு இழுத்தா, தேர் வீட்டுத் திண்ணைக்குள்ளதான் வந்து நிக்கும். நாற்காலியில கை ஊனாம எந்திரிச்சு உக்காரு. சுவத்துல முதுகைச் சாய்ச்சு, முட்டியைப் பாதி மடக்கி, வலிக்காத அளவுக்கு நில்லு. ஒரு படி ஏறி இறங்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், மூணு மாசம். ஊருக்குக் காட்ட முடியாத வேலை, அதனாலதான் நீ செய்ய மாட்டே. தேருக்கு மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்தாச்சு. உனக்கும் அப்படி மாத்து முட்டி போடுற நாள் வந்தா, பெரும்பாலான டாக்டர்கள் நடை, சைக்கிள், நீச்சலோட நிப்பாட்டிருவாங்க. அந்த நாளைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு பேச்சும்.

ஓடுறதைப் பத்திச் சொல்லணும்னா, எட்டைச் சுருக்கு. தாண்டித் தாண்டி வைக்கிறியே, அதுல ஒவ்வொரு எட்டும் முட்டியில இறங்குது. நிமிஷத்துக்கு வைக்கிற எட்டை அஞ்சுல இருந்து பத்து சதவீதம் கூட்டு, எட்டு தானாச் சின்னதாயிரும், முட்டி மேல விழுற பாரமும் குறையும். ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடைன்னு ஆரம்பி. எதிர்க்க ஆள் வந்தா நடக்கிறதை மறைக்கிறதுக்காக ஓடாதே. நான் பாத்திருக்கேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அய்யனார் கோவில் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் போனா நிழலும் காத்தும் உண்டு, ஏத்த இறக்கத்துல மட்டும் சூதானம். ஏத்தம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் முட்டியைக் கேக்கும். சதுரகிரிக்கு அமாவாசைக்கு ஏறிட்டுத் தாணிப்பாறைக்கு இறங்கி வாரவங்களைக் கேளு, ஏறும்போது சிவனைக் கூப்பிட்டவன் இறங்கும்போது அம்மாவைக் கூப்பிடுவான்.

வலி வந்தா? பத்துக்கு எத்தனைன்னு உன்னையே கேட்டுக்கோ. மூணு, நாலுன்னா ஓடிக்கிட்டே இரு. ஓடி முடிச்சு மறுநாள் காலைல பழைய நிலைமைக்கு வந்திருச்சுன்னா அந்த தூரம் உனக்குச் சரி. வரலைன்னா தூரத்தைக் குறை. வீங்கினாலோ, பாதியில மூட்டு பூட்டிக்கிட்டாலோ, கால் சடக்குன்னு மடங்கி விட்டுட்டாலோ ஓட்டத்தை நிப்பாட்டி டாக்டரைப் பாரு. ஓடுறதுக்கு முன்னாடி வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடுற புத்திசாலித்தனம் உனக்கு உண்டுன்னு மருந்துக்கடைப் பையன் உளறிட்டான். எச்சரிக்கை மணியைக் கழட்டி வச்சுட்டு எதுக்கு மாப்ளே ஓடுறே? வெயில்ல வேர்த்துக் கொட்டுற உடம்புல அந்த மாத்திரை கிட்னியையும் பதம் பாக்கும்.

அடுத்தது வயிறு. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, வைக்கிற ஒவ்வொரு எட்டுலயும் முட்டிக்கு நாலு கிலோ சுமை குறையும்னு கணக்குப் பண்ணியிருக்காங்க. நீ ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓடிப் போய், திரும்பி வாரப்ப பால்கோவா பொட்டலத்தோட பஸ்ல வந்த ஞாயித்துக்கிழமைகளை நான் கேள்விப்படாம இல்லை. 2019ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்கதான், அதுக்காக அந்தக் குறியீடு உன் இடுப்புல தெரியணும்னு சட்டம் இல்லை. ஒரு கரண்டியோட நிறுத்து. ஆட்டுக்கால் சூப் குடிச்சா ஜவ்வு வளரும்னு சொல்றவனை விட்டுத் தள்ளு. சூப் ருசியா இருக்கும், குடி. ஆட்டோட ஜவ்வு வயித்துல செரிச்சுப் போகுமே தவிர, வழி விசாரிச்சுக்கிட்டு உன் முட்டிக்கு வராது. முடக்கத்தான் தோசையும் அப்படித்தான், சட்னி நல்லா இருந்தா நாலு தின்னு. முட்டியில சுத்தணும்னு தோணினா சத்திரப்பட்டியில தறி தறியா பேண்டேஜ் துணி நெய்யுறாங்க, நம்ம பக்கத்துல துணிக்குப் பஞ்சமே கிடையாது. மனசுக்குத் தைரியமா இருக்கும், சுத்திக்கோ.

இப்ப அந்த வாட்சைக் கழட்டி இப்படிக் குடு. ஆடிப்பூரம் முடிஞ்சு வந்து வாங்கிக்கோ. எனக்கும் காலைல எத்தனை அடி நடக்கேன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, பேத்திகிட்டக் கேட்டா தர மாட்டேங்கா. நாளைக்கு வாட்ச் இல்லாம ஓடிட்டு வா, மறுநாள் எந்திரிச்சதும் முட்டியைத் தொட்டுப் பாரு. வீங்கலைன்னா எனக்குப் போன் போடாதே, தூக்கம் கெடும். வீங்கியிருந்தா டாக்டருக்குப் போடு. எனக்குப் போட்டா சிரிச்சிருவேன்.